மாப்பிள்ளை போட்ட கோல்

இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே என் தங்கை மகள் ஐலா நின்றுகொண்டிருந்தாள். கைகளில், தேயிலைச் செடிகளை வெட்டிச் சீர்செய்வோர் அணியும் தடித்த தோல் கையுறை. அதன் விரல்கள் அவளுடைய விரல்களைத் தாண்டி நீண்டு, நுனியில் மடங்கிக் கிடந்தன. வலது முழங்காலில் கறுப்புப் பட்டை. அவளுக்குப் பின்னால், தேயிலைச் சரிவிலிருந்து பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ள, பயப்படாதீங்க! பந்து கடிக்காதுலா!" என்று மேல் லயத்து வரிசைவீட்டு ஆள் ஒருவர் கத்தினார். திடலே சிரித்தது.

ஐலா கோட்டோரம் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பெரியம்மா, நா கோல்கீப்பர் இல்ல."

"தெரியும் கண்ணு. நில்லு."

ஸ்காட்லாந்தில் கோல் போடுவதையே வாழ்வாகக் கொண்டிருந்த ஒருத்தியைக் கொண்டுவந்து கோல் காக்க நிறுத்தியிருந்தோம். மலாய் நாட்டு மலையொன்றில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தாரைத் தவிர வேறு யாருக்கும் இப்படியொரு பிழையைச் செய்யத் தோன்றியிருக்காது. சில கிறிஸ்துமஸ்களுக்கு முன் நடந்தது இது. எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், என் வீட்டுத் தொலைபேசியிலிருந்து தொடங்க வேண்டும்.

திங்கட்கிழமைக் காலைகள்

என் தங்கை ரூத் தாதிப் பயிற்சிக்காகக் கப்பல் ஏறாமல் விமானம் ஏறிப் போன முதல் பெண், எங்கள் கீழ் லயத்தில். போனவள் அங்கேயே ஒரு பேருந்து ஓட்டுநரை மணந்தாள். கடலோரத்துச் சிறு நகரம் ஒன்றில் ஐலா பிறந்தாள். அந்த நல்ல மனிதர், மகள் பள்ளி முடிக்கும் முன்பே காலமாகிவிட்டார்.

ஸ்காட்லாந்தில் பெண்கள் ஆடும் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். அங்கே ஞாயிறு இரவு ஆகும்போது இங்கே திங்கட்கிழமை விடிந்திருக்கும். நான் பள்ளிக்குப் புறப்பட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்யும் நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடிக்கும்.

"அக்கா, இன்னிக்கு ரெண்டு போட்டா! மொத கோலு சும்மா வந்துச்சு, அத விடு. ரெண்டாவதக் கேளு. எடது பக்கத்துலேருந்து பந்து வருது, எல்லாரும் முன்னாடி ஓடுறாளுங்க. நம்ம புள்ள மட்டும் ஒரு அடி பின்னால போறா. ஏன்டி பின்னால போறன்னு நா கத்துறேன். பந்து நேரா அவ காலுலதான் வந்து விழுது!"

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் குரல் வழியாகத் தெரிந்தவையே. நான் பார்த்திராத மைதானங்களின் சேறும், பார்த்திராத பின்காவலர்களின் முரட்டுத்தனமும், மழையில் குடை திருப்பிக்கொள்ளும் ஓசையும் எனக்கு நன்றாகப் பழகியிருந்தன. வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும்போது, அந்த ஓரடி பின்னகர்தல் கண்முன் வந்து நிற்கும். அன்று பிள்ளைகளிடம் சற்றுக் கனிவாக இருப்பேன்.

பிரிஞ்சாங் சந்தையில் கீரை வாங்கும்போது தெரிந்தவர்கள் கேட்பார்கள்: "டீச்சர், ஒங்க தங்கச்சி மக பந்து ஒதைக்கிறாளாமே? கல்யாணம் ஆயிடுச்சா?"

"கல்யாணம் ஆகல. போன வாரம் ரெண்டு கோல் ஆயிடுச்சு," என்பேன். கேட்டவர் வெண்டைக்காயைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

எண்ணாமல் விடப்பட்ட ஆண்டுகள்

ஐலா காலையில் வீடுவீடாக அஞ்சல் கொண்டுபோய்க் கொடுப்பாள், மாலையில் பயிற்சி. தொடக்க காலத்தில் அவள் ஆடிய பெண்கள் அணிக்கு ஒரு தொழிற்சாலையின் பின்புறத் திடல்தான் கிடைத்தது. வலை அவர்களே கட்டுவார்கள், அவர்களே அவிழ்ப்பார்கள். சட்டைகளைத் துவைப்பது முறைவைத்து. ரூத்தின் முறை வரும்போது, வரவேற்பறை முழுக்க ஈரச் சட்டைகள் தொங்கும் என்று சொல்வாள். அந்தத் திடலில்தான் ஐலா கோல்களாகக் குவித்தாள்.

பிறகு காலம் மாறியது. நகரத்தின் பழம்பெரும் ஆண்கள் சங்கம் அந்தப் பெண்கள் அணியைத் தன் பெயருக்குள் எடுத்துக்கொண்டது. நல்ல புல்தரை வந்தது, மருத்துவர் வந்தார், சட்டை துவைக்க ஆள் வந்தார். ஐலா மட்டும் மாறவில்லை. அதே பெண், அதே ஓரடி பின்னகர்தல், அதே கோல்கள்.

முழங்கால் முறுக்கிக்கொண்டது அதற்கும் பிறகு. ஒருமுறை வெட்டித் தைத்தார்கள், மறுமுறையும் தைத்தார்கள். இனிப் போட்டிகளில் ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சங்கம் பெருந்தன்மையாக ஒரு பிரிவுபசாரம் ஏற்பாடு செய்தது. ஆண்கள் ஆட்டத்தின் இடைவேளையில் அவளைத் திடலின் நடுவே அழைத்து, அவள் போட்ட கோல்களின் எண்ணிக்கை பொறித்த கேடயம் ஒன்றைக் கையில் கொடுப்பதாக இருந்தார்கள்.

கேடயத்தில் இருந்த எண்ணிக்கை பாதிதான்.

சங்கத்தின் பெயரில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து மட்டுமே எண்ணியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகள் சங்கத்தின் பதிவில் இல்லை என்றார் ஓர் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னாராம்.

"அந்த வருஷமெல்லாம் நா என்ன, காத்துக்கா ஆடினேன்?" என்று ஐலா கேட்டிருக்கிறாள். ஒன்று முழுக்க எழுதுங்கள், அல்லது எண்ணே இல்லாமல் கொடுங்கள் என்றிருக்கிறாள். அவர்கள் இரண்டுக்கும் இணங்கவில்லை. இடைவேளையில் ஒலிபெருக்கி அவள் பெயரை அழைத்தபோது அவள் திடலுக்குப் போகவில்லை. அழைத்த பெயர் அந்தரத்தில் தொங்கியபடி நிற்க, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வழியே வெளியேறிவிட்டாள்.

ரூத்துக்கு இதில் பெரும் வருத்தம். அந்த ஊரில் முக்கால் வாழ்க்கையைக் குரலைத் தாழ்த்தியே கழித்தவள் அவள். நோயாளி வசைபாடினாலும் தலையணையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்து பழகியவள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகளோடு இங்கு வந்து இறங்கிய அன்றே என் சமையலறையில் பொருமினாள்.

"குடுத்தத வாங்கிட்டு வந்திருக்கலாம்லக்கா? மரியாதையாத்தான கூப்பிட்டாங்க. அத்தன பேரு முன்னால எனக்கு மானம் போச்சு."

"பாதியைக் குடுத்தாங்க, ரூத்."

"பாதியாச்சும் குடுத்தாங்கல்ல?"

ஐலா ஜன்னலோரம் முழங்காலில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழ் முழுக்க அவளுக்குப் புரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வழக்கம் உண்டான கதை

இங்கே எங்கள் தோட்டத்து ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பந்தாட்டம். கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் லயத்தின்படிதான் பிரிந்து நிற்பார்கள். வெளியூர்களில் குடியேறியவர்களும் அன்று காரை எடுத்துக்கொண்டு மலை ஏறி வந்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் ஆட்டுக்கறிச் சோறு. தோற்ற லயம் அண்டா கழுவ வேண்டும்.

முன்னொரு காலத்தில், கீழ் லயத்துக் கங்காணி ஒருவர் வருடா வருடம் அண்டா கழுவிச் சலித்துப்போனார். ஈப்போப் பக்கம் ஒரு பையன் பந்தாட்டத்தில் சூரன் என்று கேள்விப்பட்டு, தன் மகளுக்கு அவனையே பேசி முடித்தார். தை மாதம் வைத்திருந்த கல்யாணத்தை ஆட்டத்துக்கு முந்தின வாரத்துக்கு இழுத்தார். மாப்பிள்ளை மஞ்சள் கயிறு கட்டிய கையோடு வந்து, மேல் லயத்தைச் சின்னாபின்னமாக்கிவிட்டான்.

மேல் லயத்தார் கொதித்தார்கள். பஞ்சாயத்துக் கூடியது. அன்று முதல் வழக்கம் இதுதான்: லயத்துக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை, வந்த ஆண்டு கோல் காக்க மட்டுமே நிற்கலாம். அவர் விருந்தாளி, அவர் கோல் போட்டால் செல்லாது. எதிரணிக்கோ அவரைக் குறிவைத்து உதைக்கப் பூரண உரிமை உண்டு. எத்தனையோ கணக்கரும் ஆசிரியரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மூங்கில்களுக்கு நடுவே மானமிழந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். என் கணவர் ஒரே ஆட்டத்தில் மூக்குக் கண்ணாடியையும் பல்லொன்றையும் இழந்தார்.

ஐலா வந்த ஆண்டு கீழ் லயத்தில் புது மாப்பிள்ளை எவரும் இல்லை. எங்கள் அணித்தலைவன் செல்வம் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுபவன், வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவன். ஆட்டத்தன்று காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், ஆளு பத்தலலா. ஸ்காட்லாந்து தங்கச்சிய அனுப்புங்க."

"முன்னால ஆட விடுவியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "பொம்பள புள்ள... மேல் லயத்தான் சிரிப்பான். கோலுக்கு நிக்கட்டும். மாப்பிள்ள எடம் சும்மாதான கெடக்கு? இந்த வருஷம் இவதான் மாப்பிள்ள!"

ரூத் முழங்காலைச் சொல்லித் தடுத்தாள். ஐலா கண்ணாடி முன் நின்று தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "வர்றேன் அண்ணே," என்றாள்.

ஆட்டம்

மேல் லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பிள்ளைகள்தாம் மிகுதி. கொழுந்து வெட்டும் இயந்திரத்தை நாள் முழுக்கத் தூக்கித் திரிந்த கைகால்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஆடுபோல் ஓடுவார்கள். முதல் பந்து ஐலாவின் கால்களுக்கு இடையே உருண்டு போயிற்று. இரண்டாவது, கையுறையில் பட்டு வழுக்கி உள்ளே விழுந்தது. மூன்றாவதை அவள் பார்த்தாளா என்பதே ஐயம்.

"மாப்பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கடா!"

"மொய் எழுதியாச்சு மாப்பிள்ள, பந்த விட்டுக் குடுத்தது போதும்!"

கோல் காப்பதில் அவள் மிக மோசம் என்பதை அன்பு மறைக்க முடியாது. ஒவ்வொரு கோலுக்கும், கொழுந்து நிறுக்கும் கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த பலகையில் கிராணி மாமா சுண்ணக்கட்டியால் எண்ணை அழித்து எழுதினார். ஓய்வுபெற்ற எழுத்தர் அவர். எங்கள் நினைவு தெரிந்த நாளாக அவரே நடுவர், அவரே பலகை.

ரூத் என் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரித்தவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளிகள் சிரிக்கும் சிரிப்பு அது.

முடிவு நெருங்கும் நேரத்தில் எங்களுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. செல்வம் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். அப்போது ஐலா கையுறைகளைக் கழற்றி மூங்கிலடியில் வைத்துவிட்டுத் திடலின் குறுக்கே நடக்கத் தொடங்கினாள். ஓடவில்லை. அஞ்சல் கொண்டுபோகிறவளின் நடை.

"ஏ மாப்பிள்ள, எங்க போற? கோலு காலியா கெடக்குலா!" என்று செல்வம் அலறினான்.

"கெடக்கட்டும் அண்ணே. நீ போடு."

பந்து உயர்ந்து வந்தது. எல்லாரும் முன்னால் பாய்ந்தார்கள். ஐலா ஓரடி பின்னால் போனாள்.

இத்தனை ஆண்டுகள் தொலைபேசியில் கேட்டதை அன்றுதான் கண்ணால் கண்டேன். சிதறி வந்த பந்து அவள் முன்னால் வந்து விழுந்தது. தைத்த காலை ஊன்றினாள். மற்றக் காலால் உதைத்தாள். பந்து மேலேயும் போகவில்லை, சுழலவும் இல்லை. மூங்கிலை உரசி உள்ளே புகுந்து, வலை இல்லாத கோலைக் கடந்து, தேயிலைச் செடிகளுக்குள் எங்கோ மறைந்தது.

ஒரு கணம் செடிகள் அசையும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு கீழ் லயத்துப் பெண்கள், "ஐலசா ஐலா!" என்று கூவத் தொடங்கினார்கள்.

கிராணி மாமா விசில் ஊதினார். இரு கைகளையும் குறுக்கே அசைத்தார். "செல்லாது! மாப்பிள்ள கோலு செல்லாது!"

ஐலா அவரைப் பார்த்தாள். "ஏன்?"

"வழக்கம்மா. கோலுக்கு நிக்கிற மாப்பிள்ள போட்டா எண்ண மாட்டோம்."

"விடு தங்கச்சி," என்றான் செல்வம். "எப்படியும் தோத்துட்டோம். ஒண்ணு எண்ணுனா என்னா, எண்ணாட்டி என்னா?"

ஐலா திரும்பித் தன் மூங்கில்களை நோக்கி நடந்தாள். ஒலிபெருக்கி பெயரைச் சொல்ல, வாசல் வழியே வெளியேறியபோதும் இப்படித்தான் நடந்திருப்பாள் என்று பட்டது. நான் எழ முற்பட்டேன். பக்கத்து நாற்காலி ஏற்கெனவே காலியாக இருந்தது.

ரூத்

கிறிஸ்துமஸ் பட்டுப்புடவையின் கரை சேற்றில் புரள, என் தங்கை திடலின் நடுவே நடந்துபோனாள். ஆட்டம் தானாக நின்றது.

"கிராணி மாமா. எண்ணுங்க."

"ரூத்து, நீ ஒக்காரும்மா. பழைய வழக்கம் ஒனக்குத் தெரியாததா..."

"தெரியும் மாமா. வழக்கம் மாப்பிள்ளைக்கு. இவ யாரு வீட்டு மாப்பிள்ள? ஒங்க வீட்டுப் பொண்ணக் கட்டியிருக்காளா?"

எங்கோ ஒருவர் சிரித்தார். ரூத் அந்தப் பக்கம் திரும்பிய வேகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"இவ இந்த லயத்துப் பொண்ணு வயித்துல பொறந்தவ. ஒங்களுக்கு ஆளு பத்தல, மாப்பிள்ளன்னு சொல்லி நிக்க வச்சீங்க. மூணு கோலு வாங்குனா, கைகொட்டிச் சிரிச்சீங்க. அந்த மூணயும் எண்ணுனீங்கல்ல? பலகையில எழுதுனீங்கல்ல? வாங்குனது செல்லும், போட்டது செல்லாதா?"

அவள் குரல் மலையில் பட்டுத் திரும்பியது. அந்தக் குரலை நான் கேட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. சிறு வயதில், தண்ணீர்க் குழாயடியில் எங்கள் குடத்தை நகர்த்தி வைத்தவர்களிடம் பேசிய குரல்.

"எண்ணுனாலும் தோல்விதானம்மா," என்றார் கிராணி மாமா, சற்றுத் தணிந்து.

"தோல்விதான். யாரு இல்லன்னா? நாங்கதான் அண்டா கழுவுறோம். மூணுக்கு ஒண்ணுன்னு எழுதிட்டுத் தோல்வின்னு சொல்லுங்க."

அந்நேரம் மேல் லயத்துக் கோல்காவலன், வங்காளதேசத்துப் பையன், உடம்பெல்லாம் இலை ஒட்டப் பந்தோடு தேயிலைக்குள்ளிருந்து வெளியே வந்தான். என்ன தகராறு என்று கேட்டான். யாரோ மலாயில் சொன்னார்கள். அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டு, "கோல் லா, அங்கிள். நா பார்த்தான். நல்ல கோல்," என்றான்.

கோல் வாங்கியவனே சொன்ன பிறகு நடுவருக்கு என்ன இருக்கிறது? கிராணி மாமா கழுத்துத் துண்டால் பலகையிலிருந்த சுழியத்தைத் துடைத்தார். துடைத்த இடம் ஈரமாக இருந்ததால் சுண்ணக்கட்டி முதலில் பிடிக்கவில்லை. ஊதிக் காயவைத்து, அழுத்தி, ஒன்று என்று எழுதினார். செல்வம் லாரி ஓட்டும் தொண்டையால், "மாப்பிள்ள வாழ்க!" என்று முழங்கினான். ரூத் அவன் முதுகில் ஓர் அறை வைத்தாள். "மாப்பிள்ள இல்லடா. ஐலா."

அண்டா

வெயில் சாயும் முன் எங்கள் லயம் அண்டா கழுவ உட்கார்ந்தது. குழாய்த் தண்ணீர் எலும்பைக் கடித்தது. ஐலா வலது காலை நீட்டி ஒரு பலகைமேல் உட்கார்ந்து, தேங்காய் நாரால் அடிப்பிடித்த கறியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது.

ரூத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தக் கேடயக்காரங்க விட்டது எத்தனடி இருக்கும்?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மம்மி."

"சொல்லு. மொதல்லேருந்து சொல்லு. அக்காவும் கேக்கட்டும்."

ஐலா நாரைக் கீழே வைத்தாள். தனக்குத் தெரிந்த தமிழில் மெல்லத் தொடங்கினாள்: "மொத கோல்... தொழிற்சால பின்னால. அன்னிக்கு மழ. காத்துல வல அவுந்து போச்சு..."

"அது மொத கோல் இல்ல," என்றாள் ரூத்.

ஐலா நிமிர்ந்தாள்.

"அதுக்கு முன்னால ஒண்ணு இருக்கு. ஒனக்குப் பத்து வயசு. பையங்க டீமுல ஆடுன. நீ கோலு போட்ட. பொட்டப்புள்ள போட்டது எண்ணக் கூடாதுன்னு யாரோ ஒரு அப்பன் சத்தம் போட்டான். விசில் ஊதி அழிச்சுட்டாங்க. நீ அழுதுட்டே வந்து என் கோட்டுக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்ட. நானும் ஒண்ணும் பேசாம ஒன்னக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"எனக்கு ஞாபகமே இல்ல மம்மி."

"எனக்கு இருக்கு." ரூத் அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்தாள். "அதுலேருந்து எண்ணு."